கம்ப்ரசரைக் குறை சொல்லும் முன்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



 

இன்றைய தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்ததைக் கவனித்தோம். "போன மாதம் கல்வி உதவித்தொகை, இந்த மாதம் கார் ஏ.சி.யா?" என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் மெக்கானிக் அல்ல. மதரஸாவிலும் சரி, கல்லூரியிலும் சரி, கிளட்ச் எது கண்டென்சர் எது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் நீங்கள் நம்பி ஒப்படைத்த பணத்தில் 28,000 ரூபாயைத் தேவையில்லாமல் செலவழிக்க இருந்தோம். தீர்மானம் எழுதி, காசோலையில் ஒரு கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இன்னொரு கையெழுத்துதான் பாக்கி. அமானிதப் பணம் என்பதால் அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காருக்கும் அது உதவலாம்.

நம் வேனை எல்லோருக்கும் தெரியும். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு சகோதரர் தம் குடும்பத்துக்கு வைத்திருந்து, பிறகு ஸதகாவாகத் தந்தது. பதினாறு வயது ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும் மெடிக்கல் காலேஜுக்கும் நோயாளிகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. மார்த்தாண்டம் தாண்டி, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்த நெரிசலில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், தூரம் குறைவு, நேரம் அதிகம். கீமோ போட்டுவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு, கண்ணாடியைத் திறந்தால் லாரிப் புகை, மூடினால் புழுக்கம். வாந்தி நிற்காது. மழைக்காலத்தில் இன்னொரு பாடு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உள்ளே ஏழு பேர் உட்கார்ந்தால் முன் கண்ணாடி பனி பிடித்து ரோடே தெரியாது. ஏ.சி. போட்டால் இரண்டு நிமிடத்தில் தெளியும். அது காற்றைக் குளிர்விப்பது மட்டுமல்ல, காற்றிலுள்ள ஈரத்தையும் எடுக்கிறது. ஆகவே, "தர்ம வண்டிக்கு ஏ.சி. எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு தடவை அந்த வண்டியில் நோயாளியோடு போய்வாருங்கள்.

மார்ச் மாதத்தில் கோளாறு தொடங்கியது. காலையில் போகும்போது நன்றாகக் குளிரும். மதியம் திரும்பும்போது பாதி வழியில் குளிர் போய்விடும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி வரும். முதலில் போன இடத்தில் "கேஸ் குறைவு" என்று சொல்லி ஏற்றினார்கள். மறுநாள் காலையில் குளிர்ந்தது. சரியாகிவிட்டது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். காலையில் அது எப்போதும் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது என்பது அப்போது எங்கள் புத்தியில் படவில்லை! அன்று மதியமே பழைய கதை. இரண்டாவது இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "12 வோல்ட் வருது சார், ஆனா கிளட்ச் எடுக்கல. கம்ப்ரசர் மாத்தணும்" என்றார்கள். அதற்குத்தான் அந்த 28,000.

தீர்மானம் எழுதிய கூட்டத்தில், ஷார்ஜாவில் 21 வருடம் ஆட்டோ எலக்ட்ரீசியனாக வேலை பார்த்து வந்த நம் உறுப்பினர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "12 வோல்ட்டு வருதுன்னு பாத்தாங்களே, பிளக்கக் கழற்றி வச்சுப் பாத்ததா, மாட்டி வச்சுப் பாத்ததா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியின் பொருளே எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அதை விளக்க, முதலில் கிளட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். காருக்குள் ஏ.சி. வைத்து முதலில் விற்றது அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம், 1940-ம் ஆண்டு மாடலில். அந்த வண்டியில் ஒரு வேடிக்கை. என்ஜினோடு பெல்ட்டில் பூட்டிய கம்ப்ரசர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிர் வேண்டாம் என்றால் என்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும். இந்தத் தொல்லை பின்னால் ஒரு காந்தத்தால் தீர்ந்தது. கம்ப்ரசரின் முகப்பில் உள்ள புல்லி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு செம்புக் கம்பிச் சுருள். சுவிட்ச் போட்டதும் அதில் கரண்ட் பாய்ந்து காந்தமாகி, முன்னால் இருக்கும் இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். கரண்ட் போனால் தட்டு விலகும், கம்ப்ரசர் நிற்கும். அதைத்தான் கிளட்ச் என்கிறோம். தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான்.

இந்தச் சுருளுக்குக் கரண்ட் நேராக வருவதில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே. அந்த ரிலேக்கு உத்தரவு கொடுக்க ஏ.சி. சுவிட்ச், குளிர் அளவு பார்க்கும் தெர்மோஸ்டாட், கேஸ் அழுத்தம் பார்க்கும் பிரஷர் சுவிட்ச். சில வண்டிகளில் நடுவில் ஒரு கம்ப்யூட்டர். கடைசியில் சுருளைக் கடந்த கரண்ட் எர்த் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் வழியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். இத்தனை கண்ணிகளில் எது விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: குளிர் இல்லை. விலை கூடிய கண்ணி கம்ப்ரசர். பெரும்பாலும் குறைந்த செலவில் முடிகிற கண்ணிகள் மற்றவை. ஆனால் பழி முதலில் போய் விழுவது கம்ப்ரசர் மேல்.

நம் சகோதரர் வண்டியைப் பார்க்க வந்தார். காலையில் வரச் சொன்னோம், மறுத்துவிட்டார். "லுஹர் கழிஞ்சு வாறேன். அது தப்பு செய்யும்போதுதான் பிடிக்கணும்" என்றார். வண்டியை மார்த்தாண்டம் வரை ஓட்டிப் போய் நெரிசலில் நின்று திரும்பி வந்தபோது, சொன்னது போலவே குளிர் போயிருந்தது. அவர் முதலில் கேட்டது மீட்டரை அல்ல, அந்த வண்டியில் தன் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஒரு சகோதரியை. "குளிர் போவும்போ என்னம்மா நடக்கும்?" அந்தப் பெண் சொன்னார்: "காத்து அப்படியேதான் வருது காக்கா. குளிரு மட்டும் போவுது. போறதுக்கு முன்னால டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்."

"இதுலயே பாதி முடிஞ்சு" என்றார் அவர். காற்று குறையவில்லை, ஆகவே புளோயரும் அதன் ஃப்யூஸும் சரி. 'டக்' சத்தத்தோடு போகிறது, ஆகவே கிளட்ச்தான் விடுகிறது. ஏன் விடுகிறது என்பது மட்டும்தான் கேள்வி. மூன்று மாதமாக அந்தச் சகோதரி அந்த வண்டியில் போய்வருகிறார். நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆம்பிளைகள் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு மீட்டரை எடுத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஏ.சி. போட்ட நிலையில், பேட்டரியில் 13.4 வோல்ட். கிளட்சின் பிளக்கைக் கழற்றி, வரும் ஒயரில் வைத்தார். ஏறக்குறைய அதே அளவு. ஒர்க் ஷாப்பில் பார்த்ததும் இதைத்தான். இதை மட்டும் பார்த்தால் எவரும் கம்ப்ரசரைத்தான் குறை சொல்வார்கள். அடுத்து பிளக்கை மறுபடி மாட்டினார். பிளக்கின் பின்பக்கம் குண்டூசி செருகி, சுருளின் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தார். 7.2 வோல்ட். மீதி எங்கே? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மற்றதைச் சுருளிலிருந்து வெளியே போகும் கறுப்பு எர்த் ஒயரிலும் வைத்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட் நின்றது.

வீட்டில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் பாசி அடைத்திருக்கிறது. டேப் மூடியிருக்கும்போது அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்து பாருங்கள், நூல் போல ஒழுகும். பிளக்கைக் கழற்றிவிட்டு வோல்ட் பார்ப்பது மூடிய டேப்பில் அழுத்தம் பார்ப்பது போல. கரண்ட் ஓடாதபோது எந்த அடைப்பும் தெரியாது. கிளட்ச் சுருளுக்கு மூன்று நான்கு ஆம்பியர் கரண்ட் வேண்டும். அது ஓடும்போது பார்த்தால்தான் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். மீட்டர் இல்லாதவர்கள் பயன்படுத்தும் பழைய டெஸ்ட் லேம்ப், அந்த 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டு பார்ப்பதால் இந்த விஷயத்தில் சில நேரம் விலை கூடிய மீட்டரைவிட உண்மை பேசும். பல்பு மங்கினால் அடைப்பு இருக்கிறது. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் மட்டும் அந்த பல்பைக் கண்ட ஒயரிலெல்லாம் வைக்கக்கூடாது.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள தகட்டில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. அந்தத் தகட்டின் மேல் புத்தம் புது பெயிண்ட்! போன வருடம் முன்பக்கம் இடித்து, டிங்கரிங் பெயிண்டிங் செய்தோமே, அப்போது பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மழைக்காலத்தில் அந்த மரையும் துருப்பிடித்தது. காலையில் சுருள் குளிர்ந்திருக்கும்போது கிடைக்கும் கரண்ட் தட்டை இழுத்துப் பிடிக்கப் போதும். மதியம் என்ஜின் சூட்டில் செம்பின் தடை ஏறும். சூடு 60 டிகிரி கூடினால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். அதனால் கரண்ட் குறைந்து, பிடி விட்டுப் போகும். அரை மணி ஆறினால் மறுபடி பிடிக்கும். மூன்று மாதம் எங்களை அலைக்கழித்த புதிர் இதுதான்.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, ஒயர் முனையைப் புதிதாகப் போட்டு, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தபோது சுருளில் 12.9 வோல்ட். எர்த் பக்கம் 0.1. செலவு, ஒயர் முனையும் உப்புத்தாளும் சேர்த்து 35 ரூபாய். அவர் கூலி வாங்கவில்லை. ஒரு சாயா குடித்தார்.

காசோலையை ரத்து செய்துவிட்டோம். அந்தத் தொகை இப்போது இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்ரசர் மாற்றச் சொன்ன ஒர்க் ஷாப்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்தே பொய் சொல்வது வேறு, பாதி அளந்துவிட்டு முடிவுக்கு வருவது வேறு. நாங்கள் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே வந்து போல்ட்டைக் குனிந்து பார்த்தார். ஒருவர் மேல் சந்தேகத்தைப் பரப்புவதைவிட அவரிடம் நேரே போய்ச் சொல்வது நல்லது. அவசரப்பட்டது அவர் மட்டுமல்ல, அளக்காமலே தீர்மானம் எழுதிய நாங்களும்தான்.

நம் வண்டிக்கு எர்த். உங்கள் வண்டிக்கு வேறு ஏதாவது இருக்கும். ஆகவே அந்தச் சகோதரரிடம் கேட்டு அறிந்த சிலவற்றைச் சொல்கிறோம். ஒர்க் ஷாப்புக்குப் போகும்முன் வண்டிக்குள் உட்கார்ந்தே பல விஷயம் கண்டுபிடிக்கலாம். குளிர் போகும்போது காற்றும் சேர்ந்து குறைகிறதா? பத்து நிமிடம் நிறுத்தினால் கீழே தண்ணீர் கொட்டி, பிறகு சரியாகிறதா? அப்படியானால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மோஸ்டாட் நேரத்துக்கு நிறுத்தாமல் விடுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் மட்டும் வெந்நீர்க் காற்று வருகிறதா? முன்னால் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். அதன் மோட்டாரோ ரிலேயோ போயிருக்கலாம். கையை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். என்ஜினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டில் ஓடவில்லை என்றால், மோட்டார் நன்றாக இருக்கிறது. குறைந்த ஸ்பீடுக்கான ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. சிறிய சாமான். அதற்காகப் புளோயர் மோட்டாரையே மாற்றிய வீடு நம் பகுதியில் உண்டு.

ரிலே சந்தேகம் என்றால், அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி அதில் மாட்டிப் பார்க்கலாம். குளிர் வந்து, ஹாரன் போனால் ரிலேதான் குற்றவாளி. நம்பர் மாறக்கூடாது, கால்களின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்பதால் மட்டும் அது நல்லது என்று ஆகாது. 85, 86 என்று எழுதிய கால்கள் உள்ளே இருக்கும் காந்தத்துக்கு, 30, 87 கரண்ட் கடப்பதற்கு. காந்தம் வேலை செய்யும், கரண்ட் கடக்கும் முனை கருகிப்போயிருக்கும்.

பிரஷர் சுவிட்ச் பற்றி எச்சரிக்கை. கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் ஓடாமல் நிறுத்துவதற்குத்தான் அது இருக்கிறது. கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லையென்றால் ஆயிலும் திரும்பி வராது. சிலர் அந்த சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு, "இப்ப கிளட்ச் எடுக்குது பாருங்க" என்று காட்டுவார்கள். சோதிக்க ஒரு நொடி செய்யலாம். அப்படியே விட்டுவிட்டால், இல்லாத கோளாறு உண்மையாகிவிடும். கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும்.

கேஸ் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ், சீல் வழியாக வருடக் கணக்கில் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் ஒரே கோடையில் இரண்டு தடவை ஏற்றச் சொன்னால், "எங்கே லீக்?" என்று கேளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. 2008 ஆகஸ்டோடு, ஆஸ்துமா இன்ஹேலருக்கான கொஞ்சம் தவிர, அந்த வகைக் கேஸ் இங்கே தயாரிப்பது நின்றது. அதற்குப் பிறகு பல வண்டிகளை ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். வண்டியில் எது இருக்கிறது என்று பானட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுப்பு கேஸை ஏ.சி.யில் ஏற்றுவதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கேஸ் ஏற்றுவது, இறக்குவது எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. நம்மிடம் வட்டியில்லாக் கடன் பெற்றுப் பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் ஒரு சகோதரர். அவர் அனுமதியோடு சொல்கிறோம். அவர் வண்டியில் ஏ.சி. ஃப்யூஸ் வாரத்துக்கு ஒரு தடவை போகும். புது ஃப்யூஸ் போடுவார், போகும். சலித்துப்போய், தெரிந்த ஒருவர் சொன்னபடி ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்துவிட்டார். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாவது நாள் ஏர்போர்ட் சவாரி. வண்டிக்குள் வளைகுடாவுக்குப் போகும் ஒரு பையனும் அவன் வாப்பாவும் உம்மாவும். தக்கலை தாண்டி வரும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. பேட்டரி ஒயரைக் கழற்றும் முன் உள்ளே இருந்த ஒயரிங் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. யாருக்கும் காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வண்டி 23 நாள் ஓடவில்லை. அந்த மாதம் அவர் வீட்டுக்கு அரிசி நம் பைத்துல்மாலிலிருந்து போனது.

கோளாறு என்ன தெரியுமா? கம்ப்ரசருக்குப் போகும் ஒயர் ஓர் இரும்புப் பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. குழியில் விழும்போதெல்லாம் இரும்பைத் தொட்டு ஷார்ட். பத்து ரூபாய் டேப் சுற்றி, ஒயரை நகர்த்திக் கட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஃப்யூஸ் போவது கோளாறு அல்ல, கோளாறு இருக்கிறது என்று சொல்லும் ஆள். அந்த ஆளின் வாயைக் கட்டிவிட்டோம். 10 ஆம்பியர் எழுதியிருந்தால் 10 தான் போட வேண்டும், 20 போடக்கூடாது. கம்பி ஒருபோதும் கூடாது. இரண்டாவது தடவை ஃப்யூஸ் போனால் வண்டியை ஓட்டுவதை நிறுத்தி ஒயரைத் தேடுங்கள். நம் பக்கம் ரப்பர்த் தோட்டத்து எலிகள் வேறு இரவில் சூடான என்ஜின் மேல் ஏறிப் படுத்து ஒயரைக் கடித்து வைக்கின்றன. அதையும் பாருங்கள்.

எல்லா நிறுத்தமும் கோளாறு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிறிய என்ஜின் வண்டிகள் சிலவற்றில், மேட்டில் முழுசாக ஆக்சிலேட்டர் மிதித்தால் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் தானாக நிற்கும். என்ஜின் அதிகம் சூடானாலும் நிற்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது அப்படி நின்று, சமதளத்தில் வந்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். என்ஜின் சூட்டு முள் மேலே போயிருந்தால் மட்டும் ஏ.சி.யை மறந்து ரேடியேட்டரைப் பாருங்கள்.

ஒர்க் ஷாப்பில் எப்படிப் பேசுவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். "ஏ.சி. வேலை செய்யல" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். எப்போது போகிறது, காற்று வருகிறதா, சத்தம் கேட்கிறதா, ஓடும்போதா நிற்கும்போதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கோளாறு வரும் நேரத்திலேயே வண்டியைக் கொண்டுபோங்கள். கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று சொன்னால், "பிளக் மாட்டியிருக்கும்போது கிளட்சில் எத்தனை வோல்ட், எர்த் பக்கம் எத்தனை, சுருளின் ஓம்ஸ் எத்தனை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சுருள் பெரும்பாலும் மூன்று நான்கு ஓம்ஸ் காட்டும். எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. அப்போதுகூட, பல வண்டிகளுக்கு சுருளும் கிளட்சும் தனியாகவே கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அளந்து சொல்லும் மெக்கானிக்குக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். சாமான் மாற்றினால் பணம் கொடுப்போம், ஒரு மணி நேரம் குனிந்து தேடியதற்குக் கொடுக்க மாட்டோம் என்றால், அவர் சாமானைத்தான் மாற்றுவார். இதில் நம் பக்கத் தப்பும் இருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கும் பிள்ளைகளே, ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக், ரெஃப்ரிஜிரேஷன் ஏ.சி. என்று இரண்டு வருடப் படிப்புகள் இருக்கின்றன. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேர்க்கைக்கான விவரம் கேட்டு, விண்ணப்பம் போட்டுத் தர நம் அலுவலகத்தில் ஆள் இருக்கிறார். வளைகுடாவுக்குப் போவதாக இருந்தாலும், கையில் தொழிலோடு போகிறவன் நிலை வேறு. ஷார்ஜாவில் 21 வருடம் இருந்துவிட்டு வந்த நம் சகோதரர், சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு நான்கைந்து பேருக்கு ஒயரிங் சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். காசு வேண்டாம் என்கிறார். நேரத்துக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. அதில் அவர் கண்டிப்பானவர், இப்போதே சொல்லிவிட்டோம்.

ரத்தான அந்தக் காசோலைக்குப் பிறகு நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லேம்பும் வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். மீட்டருக்கு 650 ரூபாய், லேம்புக்கு 80. ரசீது கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள், மூன்று நாளில் திருப்பித் தாருங்கள். தரும்போது மீட்டரை அணைத்துத் தாருங்கள். இரண்டு தடவை பேட்டரி தீர்ந்துபோய் வந்திருக்கிறது.

வேன் நாளை காலை ஆறரைக்குப் புறப்படும். ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு இடம் இருக்கிறது. தேவைப்படுபவர்கள் மஃரிபுக்குப் பிறகு சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.